என் ஒரே ஆட்டமும் பாஸ்காலின் மதியச் சாப்பாடும்

இளம் ஐஸ் ஹொக்கிப் பயிற்சியாளர்களுக்கான வகுப்பொன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு, ஒரு கோப்பியும் ஒரு பூங்கொத்தும் கொடுத்து அனுப்புவது இங்கே வழக்கம். கேள்வி நேரத்தில் ஒரு பிள்ளை எழும்பி, "தொழில்முறை வீரராக மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடினீர்கள்?" என்று கேட்டாள். "ஒன்று" என்றேன். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் கோபம் வந்தது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் நிறையவே இருக்கிறது. ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன். சிரிப்பதென்றால் ஒழுங்காகத் தெரிந்துகொண்டு சிரிக்கட்டும்.

மொன்றியலுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. பார்க் எக்ஸ்டென்ஷன் என்கிற பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் பெடியன்கள் டெனிஸ் பந்தை வைத்து ஹொக்கி விளையாடுவார்கள். ஓடத் தெரியாதவனையும் பிரெஞ்சு தெரியாதவனையும் கோலுக்குள் நிறுத்துவார்கள். எனக்கு இரண்டும் தெரியாது. அப்படிக் கோலுக்குள் போனவன்தான், பிறகு வெளியே வரவில்லை. பள்ளிக்கூட அணி, பேட்டை அணி, வயது வாரியான அணிகள் என்று எல்லாவற்றிலும் கோல்கீப்பர். கோல்கீப்பரின் பைக்குள் ஒரு ஆளைப் படுக்கவைத்துத் தூக்கிப் போகலாம். அந்தப் பையை அப்பாதான் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் தொழிற்சாலையில் வேலை முடித்து, அப்படியே வந்து பையைத் தூக்குவார். ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்ச வருடங்களில் ஓர் அணி என்னை எடுத்தது. பெரிய லீக் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குக் கீழே, அதற்கும் கீழே, கியூபெக்கின் சின்ன ஊர்களுக்கு பஸ்ஸில் போய் அடிபட்டுக்கொண்டு திரும்பி வருகிற லீக். என்றாலும் சம்பளம் தந்தார்கள். சம்பளம் தந்தால் அது தொழில்முறைதான். அப்பா எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னார். தமிழ்ச் சங்க விளையாட்டுப் போட்டிக்கு என்னைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டு, சாக்கோட்டத்தில் வென்றவருக்கு என் கையால் கிண்ணம் கொடுக்கவைத்தார்கள்.

அணியில் இரண்டு கோல்கீப்பர்கள் இருப்பார்கள். ஒருவன் ஆடுவான். மற்றவன் பெஞ்சில் இருப்பான். ஆடுபவன் பாஸ்கால், பக்கத்து லாவல் ஊர்ப் பெடியன், நல்ல குணம், நீட்டுக் கை. பெஞ்சில் இருப்பவன் நான். மற்ற அணிகளில் இருவரையும் மாற்றி மாற்றி இறக்குவார்கள். எங்கள் கோச் நோர்மான் மாற்றமாட்டார். "ஓடுகிற பஸ்ஸில் யாராவது டிரைவரை மாற்றுவானா?" என்று கேட்பார். எட்டு கோல் வாங்கித் தோற்றுக்கொண்டிருந்தாலும் பாஸ்கால்தான். பஸ் பள்ளத்துக்குள் போய் விழுந்த பிறகும் அவர் டிரைவரை மாற்றவில்லை.

நோர்மானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அவரும் பழைய வீரர். மூக்கு இரண்டு பக்கமும் திரும்பியிருக்கும். ஆடிய காலத்தில் போன முழங்கால் என்பதால், கூட்டம் நடக்கும்போது உறைந்த பட்டாணிப் பையொன்றை முழங்காலில் கட்டிக்கொண்டுதான் இருப்பார். கோபம் வந்தால் அந்தப் பையைக் கழற்றி எறிவார். பிறகு அவரே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து திரும்பக் கட்டுவார். திட்டுவதென்றால் கியூபெக் வழக்கப்படி தேவாலயச் சாமான்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லுவார்: பூசைப் பாத்திரம், அப்பப் பேழை, பலிபீடம். அப்பா ஒருநாள் பெஞ்சுக்குப் பின்னால் இருந்து இதைக் கேட்டுவிட்டு, "மனுசன் நல்ல பக்தி போல கிடக்கு" என்றார். நான் திருத்தவில்லை.

கோல்கீப்பர்களோடு நோர்மான் நேரே பேசமாட்டார். பேசினால் கோல்கீப்பர் யோசிக்கத் தொடங்குவானாம், யோசித்தால் பக் உள்ளே போய்விடுமாம். பக் என்பது நாங்கள் அடித்து விளையாடும் கறுத்த ரப்பர் வட்டு. ஆகவே எனக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால், நான் பக்கத்தில் நிற்கும்போதே கப்டனைப் பார்த்து, "அவனிடம் சொல்லு" என்பார். கப்டன் திரும்பி அதே சொற்களை என்னிடம் சொல்லுவான். நான் கப்டனிடம் பதில் சொல்லுவேன். வருடக்கணக்காக இப்படித்தான் நடந்தது. யாருக்கும் இது விசித்திரமாகத் தெரியவில்லை.

பெஞ்சில் இருக்கிறவனுக்கு ஒரேயொரு வேலை உண்டு. கதவு. ஐஸ் ஹொக்கியில் ஆட்டம் நிற்காமலே ஆட்கள் மாறுவார்கள். களைத்தவன் முழு வேகத்தில் பெஞ்சை நோக்கி வருவான். அவன் வந்து சேரும் கணத்தில் கதவு திறந்திருக்கவேண்டும். முந்தித் திறந்தால் வெளியே நிற்பவன் யாராவது திறந்த வாசலில் இடித்து விழுவான். பிந்தித் திறந்தால் வருகிறவனின் பல் போகும். முகத்தைப் பார்க்கக்கூடாது, முகம் பொய் சொல்லும். கால்களைப் பார்க்கவேண்டும். கால் தளர்ந்து பாதம் அகலத் தொடங்கினால் அவன் வரப்போகிறான். முழங்கையால் தாழ்ப்பாளைத் தூக்கி, கையால் கதவை உள்ளே இழுத்து, அவன் வந்து விழுந்ததும் கதவைத் திரும்ப அடிக்கவேண்டும். லீக்கிலேயே என் கதவுதான் நல்ல கதவு என்று மற்ற அணிக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நோர்மான் ஒருதடவை கப்டனிடம், "கதவு நன்றாக இருந்ததென்று அவனிடம் சொல்லு" என்றார். கப்டன் என்னிடம் சொன்னான். என் விளையாட்டு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

பிறகு நான் கோச்சாக வந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோர்மான் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் போனார். அவருடைய இடத்துக்கு யார் என்று அணியின் சொந்தக்காரர் தேடினார். இத்தனை வருடம் பெஞ்சில் நோர்மானுக்குப் பக்கத்தில் இருந்து அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை கேட்டவன் நான்தான் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். முதல் நாள் கோட்டு சூட்டோடு பெஞ்சில் நின்றேன். ஆட்டம் தொடங்கியதும் என்னையறியாமல் கதவடிக்குப் போய் நின்று திறந்து மூடத் தொடங்கிவிட்டேன். பாதி ஆட்டம் போன பிறகு உதவிக் கோச் வந்து, "அப்படியென்றால் இன்றைக்குக் கோச் யார்?" என்று மரியாதையாகக் கேட்டார். அன்றைக்கு வென்றோம். யார் வென்றது என்றுதான் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை கோச்தான். என்னிடம் இருந்த எந்த மாற்றுக் கோல்கீப்பரும் ஆடாமல் ஒரு சீசனை முடித்ததில்லை. அதனால் சில ஆட்டங்களைத் தோற்றிருக்கிறோம். போகட்டும்.

அந்தப் பிடிவாதம் எனக்கு எங்கேயிருந்து வந்ததென்றால், அப்பாவிடமிருந்துதான்.

மொன்றியலில் நடந்த எங்கள் ஆட்டம் ஒன்றையும் அப்பா தவறவிட்டதில்லை. வேலை உடுப்போடு வந்து, பெஞ்சுக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் இருப்பார். என் முதுகைத்தான் பார்க்கலாம். வீட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொருதரமும் கேட்பார்.

"எப்ப தம்பி உன்னை இறக்குவாங்கள்?"

"பாஸ்காலுக்கு ஏதும் நடந்தாத்தான் அப்பா."

"சீச்சீ, அப்பிடி நினைக்கக்கூடாது. பாவம் பெடியன்." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும் போதாதோ?" என்பார்.

ஒருதடவை தன்னோடு வேலை செய்யும் இத்தாலியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த மனிதர் உன் மகன் யார் என்று கேட்க, அப்பா கதவடியைக் காட்டியிருக்கிறார். அவர் பார்த்துவிட்டு, "ஓ, பாதுகாப்பு வேலையா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு அப்பா வேகமாக முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் நின்று, காலில் இருந்த பனியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஒருநாள், ஒரேயொருநாள், உன்னை அந்தக் கோலுக்குள்ள நிக்கப் பாத்திட்டனெண்டாக் காணும். பேந்து நான் ஒண்டும் கேக்கமாட்டன்." அப்போது எனக்கும் வாழ்க்கையில் வேறு ஆசை இருக்கவில்லை.

இனித்தான் பாஸ்காலின் மதியச் சாப்பாடு.

அது மாரிகால ஞாயிற்றுக்கிழமை, பின்னேர ஆட்டம். ஆட்டத்து நாளில் பாஸ்காலுக்கு ஒரு முறை இருந்தது. மதியம் அவித்த மக்கரோனி, சோஸ் இல்லாமல், உப்பும் இல்லாமல். பிறகு மல்லாக்கப் படுத்து ஒரு தூக்கம். பிறகு அரங்கு. அன்றைக்கு அவனுடைய மேல்வீட்டில் தரை மாற்றுகிறோம் என்று காலையிலிருந்தே சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். தூங்க இடமில்லை என்று தவித்தான். எங்கள் வீட்டுக்கு வா என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

அம்மாவுக்குப் போன் எடுத்து, மக்கரோனி மட்டும் அவியுங்கோ, ஒரு சாமானும் போடவேண்டாம் என்றேன்.

"சோஸ் இல்லாமலோ? தாய் இல்லாத பிள்ளையே?"

"தாய் இருக்கிறா அம்மா. லாவலில இருக்கிறா."

"பின்னை ஏன் அந்தப் பெடியனுக்கு இந்தக் கெதி?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மக்கரோனி சொன்னபடியே அவித்து ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் இருந்தது. அம்மா சொல் தவறாதவர். ஆனால் அந்தக் கோப்பையைச் சுற்றி நண்டுக்கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, பருப்பு, வாழைக்காய்ப் பால்கறி, அப்பளம், பொரிச்ச மிளகாய், ஒரு சட்டி சோறு, பாயாசம். "ஒண்டாய் நிண்டு வேலை செய்யிற பெடியன், முதன்முதலா வீட்டை வாறான்," என்றார் அம்மா. "வெறும் மக்கரோனியக் குடுத்து அனுப்பினா நாளைக்கு என்ன கதைப்பினம்?"

பாஸ்கால் மரியாதைக்குக் கொஞ்சம் சோறு போட்டுச் சாப்பிட்டான். ருசி பிடித்துவிட்டது. கோப்பையைச் சுத்தமாக வழித்தான். அங்கேதான் அழிவு தொடங்கியது. விருந்தாளியின் கோப்பை வெறுமையாக இருக்கவிடக்கூடாது என்று அம்மாவை வளர்த்திருந்தார்கள். கோப்பையில் ஒரு பருக்கை மிச்சம் விடக்கூடாது என்று பாஸ்காலை வளர்த்திருந்தார்கள். அவன் முடிக்க முடிக்க அம்மா போட்டார். அம்மா போடப் போட அவன் முடித்தான். இரண்டு பேருமே நல்ல வளர்ப்பு, ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அம்மா, காணும், போதும்," என்றேன்.

"நீ சும்மா இரு. வந்த பிள்ளை கேக்கக் கூச்சப்படும்."

பாஸ்காலிடம் பிரெஞ்சில், கொஞ்சம் மிச்சம் விடு, விட்டால் நிறுத்திவிடுவார் என்றேன். அவன் வேர்த்து வழிந்த முகத்தோடு என்னைப் பார்த்தான். "உன் அம்மா சமைத்ததை மிச்சம் விடுவதா? என்னை அப்படி வளர்க்கவில்லை" என்றான். அப்பா இதில் என்ன செய்தார் என்று பிற்பாடு அணியில் நிறையப் பேர் கேட்டார்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. "அந்தப் பெரிய நண்டுக்கால் ரெண்டையும் தம்பிக்குப் போடுங்கோ" என்று ஒரேயொருதரம் சொன்னார், அவ்வளவுதான்.

பாயாசத்துக்குப் பிறகு பாஸ்கால் கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தான். முடியவில்லை. நானும் அப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து சோபாவில் படுக்கவைத்தோம். குனிந்து சப்பாத்துக் கயிற்றைத் தொடக்கூட அவனால் ஏலவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மன்னித்துக்கொள்" என்று என்னிடம் சொன்னான். பிறகு அம்மாவைப் பார்த்து, "மிக நன்றாக இருந்தது" என்றான்.

நோர்மானுக்குப் போன் எடுத்தேன். பாஸ்கால் எங்கள் வீட்டில் சாப்பிட்டு எழும்ப முடியாமல் கிடக்கிறான், ஆட முடியாது என்றேன். ஒரு முழுத் தேவாலயமும் வரிசையாக வந்தது. எல்லாம் முடிந்து, "அந்த மற்றவனிடம் சொல்லு, இன்றைக்கு அவன்தான்" என்றார்.

"கோச், அந்த மற்றவன் நான்தான்."

"அப்படியென்றால் அவனிடம் சொல்லிவிடு," என்று போனை வைத்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஏற்கெனவே எழுந்து நின்றார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. தடித்த கோட்டைப் போட்டு, மேல் பட்டன்வரைக்கும் பூட்டி, தொப்பியையும் போட்டுவிட்டார். அம்மா கைப்பையை எடுத்தார். ஞாயிறு பின்னேரங்களில் அவருக்கு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் வேலை. போகத்தான் வேண்டும். மூன்று பேரும் வாசலுக்கு வந்தபோது சோபாவிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

அப்பா நின்றார்.

"ஆர் உவனோட நிக்கிறது?" என்றார்.

"கொஞ்ச நேரம் படுத்தாச் சரியாப்போயிடும் அப்பா. கீழ்வீட்டு மனுசியை எட்டிப் பாக்கச் சொல்லுவம்."

"அவனுக்கு முன்பின் தெரியாத ஆளிட்டையோ?" அப்பா சோபாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "எங்கட வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டெல்லே படுத்திருக்கிறான். இந்த நிலையில தனிய விட்டிட்டு நான் விளையாட்டுப் பாக்கப் போறதோ? மனுசர் செய்யிற வேலையே?"

"அப்பா, இண்டைக்குத்தான்..."

"தெரியும்," என்றார். பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "நீ வெளிக்கிடு. பிந்தப்போறாய். நான் மல்லித்தண்ணி அவிச்சுக் குடுக்கிறன்."

பஸ்ஸில் அந்தப் பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். எனக்கு வெட்கமில்லை. முன்னால் இருந்த மனிதர் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

உடுப்பு மாற்றும் அறையில் செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. கப்டன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். ஆறுதல் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "அடுத்த கிழமை எதிரணிக் கோல்கீப்பரை உன் அம்மா சாப்பிடக் கூப்பிடுவாரா?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்தக் கோல்கீப்பரின் விலாசம்கூட எடுத்து வைத்திருந்தான்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோலுக்குள் நின்றதும் முதலில் மூன்றாம் வரிசையைத்தான் பார்த்தேன். அப்பாவின் இடத்தில் யாரோ ஒருவர் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுகொண்டிருந்தார். அதற்குள் ஒன்று உள்ளே போய்விட்டது. இரண்டாவது என் வலக்கைப் பக்கம் மேலால் போனது. அதற்குப் பிறகுதான் நான் விழித்துக்கொண்டேன். நெஞ்சாலும் காலாலும் தலைக்கவசத்தாலும் தடுத்தேன். எங்கள் ஆட்கள் இரண்டு கோல் அடித்துச் சமப்படுத்தினார்கள். இதற்குள் பெஞ்சில் பெரிய குழப்பம். கதவுக்கு ஆளில்லை. முதலில் களைத்து வந்தவன் மூடியிருந்த கதவில் போய் மோதினான். கடைசியில் நோர்மானே, முழங்காலை இழுத்துக்கொண்டு, கதவடியில் வந்து நின்றார். பிந்திப் பிந்தித் திறந்தார். தூரத்தில் கோலுக்குள் நின்ற எனக்குக் கை துடித்தது. முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது எதிரணிக்காரன் ஒருவன் தரையோடு ஓர் அடி அடித்தான். நான் சரியான பக்கம்தான் விழுந்தேன். பக் எங்கள் ஆளின் ஸ்கேட்டில் பட்டு மற்றப் பக்கமாகத் திரும்பி உள்ளே போனது. மூன்றுக்கு இரண்டு. தோற்றோம்.

நோர்மான் கப்டனைக் கூப்பிட்டு, "பரவாயில்லை என்று அவனிடம் சொல்லு" என்றார். அடுத்த ஆட்டத்துக்குப் பாஸ்கால் திரும்பி வந்தான். எனக்கு இன்னொன்று கிடைக்கவில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது, அப்பாவிடம் என்ன சொல்லுவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். தோற்றதைச் சொல்லலாம். அவர் இல்லாமல் அது நடந்து முடிந்துபோனதை எப்படிச் சொல்லுவது?

கதவைத் திறந்தேன். கூடத்து மேசை சுவரோடு தள்ளப்பட்டிருந்தது. விளக்கொன்று உடைந்து, துண்டுகள் ஓர் ஓரமாகக் கூட்டி வைக்கப்பட்டிருந்தன. பாஸ்கால் சோபாவில் எழுந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மல்லித்தண்ணிக் குவளை, ரேடியோ, உருட்டிக் கட்டிய காலுறைகள் ஒரு குவியல். எங்கள் ஆட்டத்தை உள்ளூர் பிரெஞ்சு வானொலியொன்று ஒலிபரப்புவது அப்பாவுக்குத் தெரியாது. பாஸ்காலுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பிரெஞ்சும் வராது. அதனால் ரேடியோவில் ஒவ்வொரு அடியும் எங்கே போகிறதென்று கேட்டு, பாஸ்கால் சோபாவில் இருந்தபடியே ஒரு காலுறைப் பந்தை அதே இடத்துக்கு எறிந்திருக்கிறான்.

எதிர்ச் சுவரில், சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு, அப்பா நின்றார். பெனியன் வேர்வையில் ஒட்டியிருந்தது. இரண்டு காலிலும் சோபாத் தலையணைகளை அம்மாவின் பழைய சால்வையால் கட்டியிருந்தார். கையில் அடுப்புச் சட்டி பிடிக்கும் உறைகள். முழங்கை உரசி இரத்தம் கசிந்திருந்தது. ஆட்டம் முடிந்த பிறகும் இருவரும் நிறுத்தவில்லைப் போல, அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. என்னைக் கண்டதும் உறைகளைக் கழற்றினார்.

"முதலாவது, நீ எங்கேயோ பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாய்," என்றார். "ரெண்டாவது நீ பிடிச்சிருக்கவேணும். நான் பிடிச்சனான்."

அப்பா கையை உயர்த்திக் காட்ட, பாஸ்கால் ஓம் என்று தலையாட்டினான்.

அப்பா என் கிட்ட வந்து, பையைத் தோளிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"ஆனா அந்த மூண்டாவது உன்ர பிழையில்லைத் தம்பி. நானும் விழுந்து பாத்தனான். ஏலாது."